அந்த ஒரு மூச்சு

(பட்டிமன்றத் தலைப்பு: வீடியோ கேம் கதைகளில் நெஞ்சில் நிற்பது நாயகனின் கதி தெரிந்த முடிவே! தெரியாத முடிவே! ‘தெரியாத முடிவே’ என்ற அணியில் பேசியது.)



ஐம்பதைத் தாண்டிய ஒரு தமிழ்ப் பேராசிரியனைக் கூப்பிட்டு வீடியோ கேமைப் பற்றிப் பேசச் சொல்கிறார்களே, இவருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். ஐயா, கதை எங்கே இருந்தாலும் அது எங்கள் வேலைதான். ஓலையிலே இருந்தா ஓலையைப் பிரிப்போம். திரையிலே இருந்தா மூக்குக் கண்ணாடியைத் துடைச்சிப் போட்டுக்கிட்டுப் பார்ப்போம். (சிரிப்பு)

முதலிலே ஒரு அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். சினிமாவிலே நாயகன் செத்தால் ஒரு தடவைதான் சாவான். வீடியோ கேமிலே நாயகன் முன்னூறு தடவை சாவான். பள்ளத்திலே விழுந்து சாவான், பாறை உருண்டு சாவான், நாம் தப்பான பட்டனை அமுக்கினதாலே சாவான். அழறோமா? இல்லையே! ‘சே’ என்று ஒரு வார்த்தை. மறுபடியும் பட்டனை அமுக்கினா எழுந்து நிற்பான். அந்த உலகத்திலே சாவு என்பது பேருந்தைத் தவறவிட்ட மாதிரி, அடுத்த வண்டி வந்துவிடும்.

அப்படிச் சாவுக்கு மரியாதையே இல்லாத ஊரிலே, கதை முடிகிற நேரத்திலே மட்டும் ‘இவன் பிழைத்தானா, மாட்டானா’ என்று ஒரு கேள்வி எழுந்து, அதற்குப் பதில் சொல்ல எந்தப் பட்டனும் இல்லை என்றால் எப்படி இருக்கும்? அதுவரைக்கும் நம் கையிலே இருந்த உயிர், அந்த நிமிஷம் கையை விட்டுப் போகிறது. நம் தலைப்பின் உயிர்நாடியே அங்கேதான் இருக்கிறது.

‘லிம்போ’ என்று ஒரு ஆட்டம். டென்மார்க்கிலே, கோபன்ஹேகனிலே இருக்கிற ‘பிளேடெட்’ என்கிற சிறிய நிறுவனம் 2010-இல் வெளியிட்டது. கறுப்பு வெள்ளைப் படம். வசனம் ஒரு வார்த்தை கிடையாது. தங்கையோ அக்காவோ, உடன்பிறந்தவளுக்கு என்ன ஆச்சு என்று தெரியாமல், ஒரு சின்னப் பையன் இருட்டுக் காட்டுக்குள்ளே தேடிக்கிட்டுப் போகிறான். கண்ணு மட்டும் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். வழியிலே பொறியிலே சிக்குவான், ரம்பத்திலே அறுபடுவான், ஒரு பெரிய சிலந்தி துரத்திக் குத்தும். ஒவ்வொரு தடவையும் எழுப்பி நடத்திக்கிட்டுப் போகிறது நம்ம பொறுப்பு.

கடைசியிலே ஒரு கண்ணாடியை உடைச்சிக்கிட்டு விழுந்து, காட்டிலே கண் விழிக்கிறான். எழுந்து நடக்கிறான். ஒரு ஏணிக்குக் கீழே ஒரு சிறுமி நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிறாள். இவன் கிட்டே போய் நிற்கிறான். அவள் சட்டென்று நிமிர்கிறாள். அவ்வளவுதான், திரை இருட்டாகிவிடும்! ஓடி வந்து கட்டிக்கிட்டாளா? இவனை அவளாலே பார்க்க முடிஞ்சதா? ஒன்றும் சொல்லவில்லை.

அதோடு விட்டார்களா? ஆட்டத்தின் முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்தால், அதே இடம், அதே ஏணி. ஆனால் ஏணி உளுத்துப் போய் உடைந்து கிடக்கிறது. பையன் நின்ற இடத்திலும் சிறுமி இருந்த இடத்திலும் இரண்டு கூட்டமாக ஈ மொய்த்துக்கிட்டிருக்கு. ஆட ஆரம்பிக்கும்போதே அந்தப் பக்கம் நம் கண் முன்னால்தான் இருந்தது. முடித்து வந்து பார்க்கும்போதுதான் வயிற்றிலே ஏதோ பிசைகிறது. ரெண்டு பேரும் எப்போதோ செத்துப் போன பிள்ளைகளா? இல்லை, காலம் கடந்து போச்சு என்பதைத்தான் காட்டுகிறார்களா? பெருமக்களே, ‘இருவரும் இறந்தனர், சுபம்’ என்று எழுத்திலே போட்டிருந்தால் இதைப் பற்றி இத்தனை வருஷம் கழித்து ஒரு பட்டிமன்றத்திலே பேசுவோமா?

எதிரணியின் முதல் பேச்சாளர் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ ஆட்டத்தை எடுத்துக் காட்டினார். 2018-இல் வந்தது. 1899-ஆம் ஆண்டு அமெரிக்கா. ஆர்தர் மார்கன் என்கிற கொள்ளைக்காரனுக்குக் காசநோய். டாக்டர் சொல்லிவிடுகிறார். எந்த வழியிலே ஆடினாலும் ஆர்தர் பிழைக்கமாட்டான். ‘முடிவு தெளிவா இருந்துச்சு, அதனாலேதான் அழுதோம்’ என்றார். அருமையான ஆட்டம் ஐயா, நான் மறுக்கவே மாட்டேன். நாள் குறித்துவிட்ட ஒரு மனிதன் மிச்சம் இருக்கிற நாளிலே எப்படி மனிதனாக மாறுகிறான் என்கிறதுதான் அந்தக் கதை. அதற்குச் சாவு தெரிந்தே ஆகவேண்டும். நோயாளியின் கதை அப்படித்தான் முடியும். ஆனால் போர்க்களத்துக்குப் போனவன் கதை? போனவன் திரும்பி வரவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை என்றால், அந்தக் கதைக்கு முடிவை யார் எழுதுவது?

அப்படி ஒரு போர்வீரர் கதைக்குத்தான் வருகிறேன். ‘மாஸ் எஃபெக்ட்.’ கனடாவிலே எட்மண்டன் நகரத்திலே இருக்கிற ‘பயோவேர்’ நிறுவனம் செய்த மூன்று பாக விண்வெளிக் கதை. 2007, 2010, 2012 என்று மூன்று ஆண்டுகளிலே வந்தது. ஐம்பதாயிரம் ஆண்டுக்கு ஒரு முறை ‘ரீப்பர்’ என்கிற ராட்சத இயந்திரங்கள் வந்து, வளர்ந்த நாகரிகங்களை எல்லாம் அறுவடை பண்ணிக்கிட்டுப் போகும். அவற்றைத் தடுக்க நிற்கிறவர் தளபதி ஷெப்பர்ட். ஷெப்பர்ட் ஆணா பெண்ணா, முகம் எப்படி, குணம் எப்படி, யாரிடம் அன்பு வைக்கிறார், எல்லாமே ஆடுகிறவர் தீர்மானம். முதல் பாகத்திலே எடுத்த முடிவு மூன்றாம் பாகத்திலே வந்து கதவைத் தட்டும்.

இதிலே ஒரு நுட்பம் கேளுங்கள். இரண்டாம் பாகத்தின் கடைசியிலே உயிரைப் பணயம் வைக்கிற ஒரு படையெடுப்பு. கூட வந்தவர்களைச் சரியாகக் கவனித்து, சரியான ஆளைச் சரியான வேலைக்கு அனுப்பினால் எல்லோரும் பிழைக்கலாம். அலட்சியமாக இருந்தால் ஒவ்வொருவராகச் சாவார்கள். கடைசியிலே ஷெப்பர்ட் கப்பலை நோக்கித் தாவும்போது, கை கொடுத்துத் தூக்கக் கூட்டாளிகளில் குறைந்தது இரண்டு பேராவது உயிரோடு இருக்கவேண்டும். இல்லையென்றால் ஷெப்பர்ட் விழுந்து சாவார்! அந்த விளையாட்டை அடுத்த பாகத்துக்கு எடுத்துக்கிட்டும் போக முடியாது. நண்பனைக் காப்பாற்றாதவனுக்கு நாளை இல்லை என்று வசனம் பேசாமலே சொல்கிற கதை இது. (கைதட்டல்)

சரி, மூன்றாம் பாகத்தின் முடிவு. மூன்று வழி. நீல வழியிலே போனால் ஷெப்பர்டின் உடம்பு அழிந்து, அவர் மனம் ரீப்பர்களை ஆளும். பச்சை வழியிலே ஒளிக்குள்ளே குதித்துக் கரைந்து, உயிரையும் இயந்திரத்தையும் ஒன்றாக்குவார். சிவப்பு வழியிலே ரீப்பர்கள் அழியும். ஆனால் நமக்கு நண்பர்களாகிவிட்ட இயந்திர உயிர்களும் சேர்ந்து அழியும். ஷெப்பர்ட் உடம்பிலும் பாதி இயந்திரம் என்பதாலே அவரும் பிழைப்பது சந்தேகம் என்று முன்னாலேயே குறிப்புக் காட்டிவிடுகிறார்கள்.

அந்தச் சிவப்பு வழியைத் தேர்ந்தெடுத்து, அதுவரைக்கும் படைபலத்தையும் நன்றாகச் சேர்த்து வைத்திருந்தால் மட்டும், கடைசியிலே சில விநாடி ஒரு காட்சி வரும். இடிந்து கிடக்கிற கல்லும் மண்ணும். அதற்கு நடுவிலே கருகிப் போன ஒரு கவசம். மார்பிலே ‘என் 7’ என்கிற படைப்பிரிவு அடையாளம். முகம் தெரியாது. அசைவு கிடையாது. திடீரென்று ஒரு மூச்சு, உள்ளே இழுக்கிற ஒரே ஒரு மூச்சு. உடனே காட்சி முடிந்துவிடும்.

எங்கள் வீட்டிலே நடந்ததைச் சொல்கிறேன். என் மகளும் என் தங்கை பையனும் இதை ஆடி முடித்துவிட்டு, காலையிலே இட்லித் தட்டுக்கு முன்னால் சண்டை. ‘உயிரோட இருக்காரு.’ ‘இல்லே, அது கடைசி மூச்சு.’ ‘மூச்சை உள்ளே இழுத்தா எப்படிடா கடைசி மூச்சு ஆகும்?’ என் மனைவி சாம்பார்க் கரண்டியோடு வந்து நின்னாங்க. ‘யாருக்கு என்ன ஆச்சு? எந்த ஆஸ்பத்திரி?’ன்னு கேட்டாங்க. (சிரிப்பு) விஷயத்தை விளக்கிச் சொன்னேன். கேட்டுட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? ‘மண்ணுக்குள்ளே மூச்சு கேட்குதுன்னா உக்காந்து பேசிக்கிட்டு இருப்பாங்களா? தோண்ட வேண்டாமா?’ (பலத்த கைதட்டல்) ஐயா, நூறு விமரிசகர் எழுதினாலும் இதைவிட நல்ல விமரிசனம் வராது. முடிவு திறந்திருந்தால் கேட்கிறவர் கை தானாக மண்வெட்டியைத் தேடுகிறது.

எதிரணித் தலைவர் உடனே குறுக்கே வந்தார். ‘ஐயா, அந்த ஆட்டத்தோட முடிவைப் பார்த்து ஆடினவங்க எல்லாம் கொதிச்சுப் போனாங்களே, அது தெரியுமா?’ என்றார். நன்றாகத் தெரியும். 2012 மார்ச்சிலே ஆட்டம் வந்தது. மூன்று வழிக்கும் ஏறக்குறைய ஒரே காட்சி, வண்ணம் மட்டும் வேறு என்று ரசிகர்கள் கோபப்பட்டார்கள். கோபத்தை எப்படிக் காட்டினார்கள்? பணம் சேர்த்து 400-க்கும் மேற்பட்ட கப்கேக்குகளை அந்த நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். மேலே சிவப்பு, நீலம், பச்சை. உள்ளே எல்லாம் ஒரே ருசி! (சிரிப்பு) இன்னொரு பக்கம், எதிர்ப்பைக் காட்டவே நிதி திரட்டி, மருத்துவமனையிலே இருக்கிற குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கித் தரும் ‘சைல்ட்ஸ் பிளே’ அறக்கட்டளைக்கு 80,000 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். கோபம்கூட இப்படி வந்தால் ஊருக்கு நல்லதுதானே!

சரி, அவர்கள் கேட்டது என்ன? அதை எதிரணி சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ‘கப்பல் ஏன் போரை விட்டு ஓடியது? பக்கத்திலே நின்ற கூட்டாளி எப்படிக் கப்பலுக்குள்ளே போனான்? நாங்கள் காப்பாற்றின இனங்கள் என்ன ஆயின?’ இதெல்லாம் நியாயமான கேள்வி. இவை கதையிலே விழுந்த ஓட்டை. பானை செய்கிறவர் வாயைத் திறந்து வைத்தால் அது பானை. அடியிலே ஓட்டை வைத்தால் அது பானையா? இரண்டும் திறப்புதான். ஒன்றிலே தண்ணீர் உள்ளே போகும், இன்னொன்றிலே வெளியே போகும்.

நிறுவனம் என்ன செய்தது? 2012 ஜூனிலே முடிவை விரித்து எழுதி, காசு வாங்காமலே கொடுத்தது. கப்பல் ஏன் போனது, கூட்டாளி எப்படி ஏறினான், உலகம் எப்படி மீண்டது, எல்லாவற்றுக்கும் விளக்கம் சொன்னார்கள். மூன்று வழியும் வேண்டாம் என்று மறுக்கிற நான்காவது வழியையும் சேர்த்தார்கள். அப்படி எல்லாவற்றையும் விளக்கினவர்கள் ஒன்றை மட்டும் விளக்கவில்லை. அந்த மூச்சு! அது இருந்தபடியே இருக்கிறது. ஓட்டையை அடைத்தார்கள், பானையின் வாயை மூடவில்லை. எங்கள் அணிக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா நடுவர் அவர்களே?

நம் வாசகர்களும் இதற்குச் சளைத்தவர்கள் இல்லை. 1954-இல் ‘பொன்னியின் செல்வன்’ தொடர் முடிந்தபோது அவருக்கு என்ன ஆச்சு, இவருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்கள். கல்கி முடிவுரை எழுதிப் பலவற்றுக்குப் பதில் சொன்னார். ஆனால் ஆதித்த கரிகாலனைக் கொன்ற கை யாருடையது என்று இன்றைக்கும் டீக்கடையிலே வாதம் நடக்கிறது. ஒரு குறளுக்கு மணக்குடவர் ஒரு பொருள் சொல்வார், பரிமேலழகர் வேறொன்று சொல்வார். ஷெப்பர்டின் ரசிகர்களும் அந்த வேலையைத்தான் செய்தார்கள். ‘கடைசிக் காட்சிகள் எல்லாம் ரீப்பர்கள் ஷெப்பர்ட் மனசுக்குள்ளே நடத்தின மயக்கம், அந்த மூச்சுதான் விழிப்பு’ என்று காட்சி காட்சியாக ஆதாரம் அடுக்கினார்கள். சரியோ தப்போ, பதினெட்டு வயசுப் பிள்ளைகளை உரையாசிரியர்களாக ஆக்கியது எது? திறந்திருந்த முடிவு!

இனி என் கட்சியின் கடைசிச் சாட்சி. அந்த விரித்தெழுதின முடிவிலே, கப்பலுக்குள்ளே ஒரு நினைவுச் சுவர் வருகிறது. போரிலே இறந்தவர்களின் பெயர்ப் பலகை எல்லாம் அதிலே இருக்கும். நீல வழி, பச்சை வழி போனால் ஷெப்பர்டின் பெயரையும் அதிலே மாட்டிவிடுகிறார்கள். ஆனால் சிவப்பு வழியிலே, அந்த மூச்சு வருகிற கதையிலே மட்டும், ஷெப்பர்டுக்கு நெருங்கியவர் பெயர்ப் பலகையைக் கையிலே எடுத்துக்கிட்டுப் போகிறார். சுவர் வரைக்கும் போகிறார். நிற்கிறார். மாட்டவில்லை. தலையை நிமிர்த்தி மேலே பார்க்கிறார்.

தமிழ் படித்தவனுக்கு அந்த இடத்திலே உடம்பு சிலிர்க்கும். போரிலே விழுந்த வீரனுக்கு நடுகல் நட்ட மரபு நம்முடையது. தொல்காப்பியம் அதற்கு ஆறு படி சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேடிக் கண்டுபிடித்து, எடுத்து வந்து, நீராட்டி, அப்புறம்தான் நடுவார்கள். ஒரு மனிதன் இறந்துவிட்டான் என்று ஊர் சொல்வதற்கு அத்தனை படி வைத்திருக்கிறோம். அது சாதாரண வார்த்தை இல்லை. நட்ட கல்லைப் பிடுங்க முடியாது. கையிலே கல் இருந்தும் நடாமல் நிற்கிற ஒரு மனசை அந்த ஆட்டம் நமக்குக் காட்டிவிட்டது.

இப்போது எதிரணிச் சகோதரி வைத்த வாதத்துக்கு வருகிறேன். இன்றைக்கு மேடையிலே பேசப்பட்டதிலே எடை உள்ள வாதம் அதுதான். ‘வீட்டை விட்டுப் போனவர் என்ன ஆனார் என்றே தெரியாமல் காத்திருக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாசலிலே போய் நின்று திறந்த முடிவு அழகு என்று உங்களால் சொல்ல முடியுமா ஐயா?’ என்று கேட்டார். அரங்கம் அமைதியாகிவிட்டது. நானும் அமைதியாகத்தான் இருந்தேன்.

சொல்ல முடியாது அம்மா. சொல்லவும் கூடாது. அந்த வேதனையை யாரும் கேட்டு வாங்கவில்லை. ஆனால் அந்த வீட்டுக்குப் போகிற நாம் என்ன செய்கிறோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒருத்தர் போய், ‘இனிமே எங்கே வரப்போறார், ஆக வேண்டிய காரியத்தைப் பண்ணிடும்மா’ என்பார். இன்னொருத்தர் போய், ‘கட்டாயம் வந்துடுவார், என் வாய்க்குச் சர்க்கரை போடு’ என்பார். ரெண்டு பேருக்கும் எதுவும் தெரியாது. தெரிந்த மாதிரி பேசிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஏழு ஆண்டு ஒருவரைப் பற்றித் தகவலே இல்லாவிட்டால் அவர் இறந்துவிட்டதாக நம் நாட்டுச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்தச் சட்டம்கூட அதை அனுமானம் என்றுதான் சொல்கிறது. நாளைக்கே அவர் நேரே வந்து நின்றால் அந்த அனுமானம் உடைந்துவிடும். சட்டத்துக்கு இருக்கிற அடக்கம் பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை!

அந்த அம்மாவுக்கு வேண்டியது என்ன? முடிவு சொல்கிற ஆள் இல்லை. ‘எனக்கும் தெரியலேம்மா’ என்று சொல்லிவிட்டு, தெரியாத அந்தத் திண்ணையிலே கூடவே கொஞ்ச நேரம் உட்காருகிற ஆள். அப்படி உட்காருவதற்கு ஒரு பழக்கம் வேண்டும் பெருமக்களே. எதற்கும் உடனே பதில் கேட்கிற காலத்திலே அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? கதையிலிருந்துதான் வரும். நாயகன் பிழைத்தானா என்று தெரியாமல் ஒரு இரவு தூங்காமல் கிடந்த பிள்ளைக்கு, நாளைக்கு ஒரு வீட்டிலே நிஜமாகவே பதில் இல்லாத கேள்வி வரும்போது வாயை மூடிக்கிட்டுக் கூட இருக்கத் தெரியும். கதி தெரிந்த முடிவு கண்ணீர் தருகிறது, அது துடைத்தால் போய்விடும். கதி தெரியாத முடிவு ஒரு மனிதரை நம் கையிலே ஒப்படைத்துவிட்டுப் போகிறது. அவரை இறக்கி வைக்க நமக்கு மனம் வருவதில்லை.

2020 டிசம்பரிலே அதே நிறுவனம் அடுத்த ஆட்டத்துக்கு ஒரு சிறு முன்னோட்டம் வெளியிட்டது. பனி மூடின ஒரு கிரகம். ஷெப்பர்டின் பழைய தோழி லியாரா அங்கே வருகிறாள். பனியிலிருந்து உடைந்த ஒரு கவசத் துண்டை எடுக்கிறாள். அதிலே ‘என் 7.’ அவள் முகத்திலே ஒரு புன்னகை. கவசம் யாருடையது? அதையும் சொல்லவில்லை! எட்டு வருஷத்துக்கு முன்னால் கேட்ட ஒரு மூச்சை நம்பி அவள் இன்னும் தேடிக்கிட்டிருக்கிறாள். பார்த்தவர்களும் அவளோடு சேர்ந்து தேட ஆரம்பித்துவிட்டார்கள். என் மனைவி அன்றைக்கே சொன்னதுதான், தோண்ட வேண்டாமா!

ஆகவே நடுவர் அவர்களே, வீடியோ கேம் கதைகளிலே நெஞ்சில் நிற்பது நாயகனின் கதி தெரியாத முடிவே என்று தீர்ப்பு வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரே ஒரு விண்ணப்பம். கதையின் முடிவைத்தான் திறந்து விடலாம் என்று சொன்னேன். ‘இரண்டு அணியும் நன்றாகப் பேசினார்கள்’ என்று உங்கள் தீர்ப்பையும் திறந்து விட்டுவிடாதீர்கள்! (சிரிப்பு, கைதட்டல்)